சப்டைட்டில் முன்னாடியே ஓடிப்போற பிரச்சனை, மூணு நாளைக்கப்புறம் சரியாச்சு

பாழடைஞ்ச ஆஸ்பத்திரிக்குள்ள டார்ச்சோட போற அர்பன் எக்ஸ்ப்ளோரர் பசங்களோட சஸ்பென்ஸ் த்ரில்லர் ஒண்ணு பாக்க உக்காந்தேன், ஆரம்பத்துல சப்டைட்டில் கரெக்டா இருந்துச்சு, போகப்போக முந்திக்கிச்சு. இந்த மாதிரி படத்துக்கு பாதி உயிரே சத்தம்தான், ஆனா இருட்டு காரிடார்ல யாருமே இல்லாதப்பவே கீழ "பின்னால் காலடிச் சத்தம்"னு வந்து நிக்குது, அப்புறம் பயம் எங்க இருந்து வரும்?

விஎல்சி வீடியோ ப்ளேயர்ல ஹெச் கீய அமுக்கி சப்டைட்டில லேட்டா வர்ற மாதிரி தள்ளிவிட்டேன், ஒரு தடவைக்கு 50 மில்லிசெகண்டுதான் நகரும், அந்த சீன் சரியாகும், பத்து நிமிஷத்துல திரும்ப முந்திடும். வேற நாலு சப்டைட்டில் ஃபைல் போட்டு பாத்தேன், அதே கதை. என்கிட்ட இருக்கறது படத்தோட வேற கட் (வேற மாதிரி எடிட் பண்ண வெர்ஷன்) போலன்னு நினைச்சு ஒரு நாள் வீணாப்போச்சு.

கடைசியா ரெண்டு இடத்துல அளந்தேன். 10வது நிமிஷத்துல 25 செகண்ட் வித்தியாசம், ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட 2 நிமிஷம் 34 செகண்ட். ஒரே அளவா இல்லாம நேரத்துக்கு ஏத்த மாதிரி வளருது, அதான் க்ளூ. சப்டைட்டில் ஐரோப்பாவோட PAL டிவி முறை டிஸ்க்குக்கு, செகண்டுக்கு 25 ஃப்ரேம் கணக்குல செஞ்சது, என் வீடியோ செகண்டுக்கு 23.976 ஃப்ரேம். அந்த டிஸ்க்ல படம் கொஞ்சம் வேகமா ஓடும், அதான் என் வீடியோல எழுத்து முந்திக்கிச்சு.

சப்டைட்டில் எடிட்ங்கிற சாஃப்ட்வேர்ல சின்க்ரனைசேஷன் மெனு, சேஞ்ச் ஃப்ரேம் ரேட், 25ல இருந்து 23.976, சேவ். இப்ப கதவு கிரீச்சுன்னு கேட்டப்புறம்தான் எழுத்து வருது.