சிப்பின் ஆரம்ப வரலாற்றைத் தேட, காப்புரிமையில் தொடங்குங்கள்

முதல் சிப்பை (பல பாகங்கள் ஒரே துண்டில் அமைந்த மின்னணுச் சுற்றை) செய்தது யார் என்று தேடினால் ஒரு இடத்தில் ஜாக் கில்பி என்றிருக்கும், இன்னொரு இடத்தில் ராபர்ட் நாய்ஸ் என்றிருக்கும். கட்டுரைகளை விட்டுவிட்டு நேராகக் காப்புரிமை ஆவணங்களுக்குப் போங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் அமெரிக்கக் காப்புரிமை 3138743 கில்பியுடையது, 2981877 நாய்ஸுடையது. காசு கிடையாது, புதுச்சேரியில் வீட்டில் உட்கார்ந்தபடியே அசலைப் படிக்கலாம்.

செய்த நாள், விண்ணப்பித்த நாள், காப்புரிமை கிடைத்த நாள், இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் இதில்தான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கில்பி, ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்த தன் சுற்றை 1958 செப்டம்பர் 12 அன்று இயக்கிக் காட்டினார், 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார், ஆனால் காப்புரிமை வந்தது 1964-ல். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் இருந்த நாய்ஸ் 1959 ஜூலையில் விண்ணப்பித்து 1961-லேயே வாங்கிவிட்டார். இருவரில் யாருக்கு உரிமை என்ற வழக்கு 1970 வரை இழுத்தது.

அடுத்து, படங்களைப் பாருங்கள். எனக்கு மிகப் பிடித்த வேலை இது. கில்பியின் படத்தில் பாகங்களை இணைக்கும் மெல்லிய கம்பிகள் மேலே வளைந்து போகும். நாய்ஸின் படத்தில் கம்பியே இல்லை, மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலத்தின் மேல் உலோகக் கோடுகள் ஒட்டிக் கிடக்கும். சரி, அந்த ஆக்சைடு யோசனை எங்கிருந்து வந்தது? ஃபேர்சைல்டில் நாய்ஸுடன் இருந்த ஜீன் ஹோர்னியின் காப்புரிமை 3025589-ஐத் திறந்து பாருங்கள். அவர் அதை 1957 டிசம்பரிலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அந்தப் பொறியாளர்கள் பலரிடம் எடுத்த நீண்ட பேட்டிகளும் இணையத்தில் உண்டு. ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அவற்றை நம்பலாம், தேதிக்கு நம்பாதீர்கள், பல வருஷம் கழித்து நினைவிலிருந்து பேசியவை.

கையில் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய எலக்ட்ரானிக் போர்டு கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள், கடலூர்க்காரர்களும் பஸ் ஏறி வந்துவிடலாம். சிப்பின் முதுகில் நான்கு இலக்க எண் இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் செய்த வருஷத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வாரத்தையும் குறிக்கும்: 7423 என்றால் 1974-ன் 23-வது வாரம். ஆனால் எஸ்என்7404என் என்றிருந்தால் அது தேதி இல்லை, சிப்பின் பெயர். இரண்டையும் லென்ஸ் வைத்துப் படித்து எழுதிக்கொண்டு, அப்புறம் பழைய கணினி ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிட்சேவர்ஸ் தளத்தில், சிப்புகளின் விவரம் தரும் அந்தக் காலத்து டேட்டா புத்தகத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.