மூன்று பாரங்களைக் கூட்டினால் கணக்கு சரியாக வராது

பெண் என்பதால் ஒரு பாரம், கறுப்பினம் என்பதால் இன்னொன்று, ஏழை என்பதால் மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் முழுப் படமும் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான், இனம், பாலினம், வர்க்கம் மூன்றும் ஒருவர் மேல் சேர்ந்து விழும் பாகுபாட்டைப் பற்றிய பேச்சில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததே இல்லை. பிறகு மந்தநிலை வந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்று ஆட்குறைப்பு செய்தார்கள். 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது. நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் 1964க்கு முன்பும் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. (அந்தப் பெண்கள் வெள்ளையர்கள்!) இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறொரு வழக்கு இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் பிணைத்து ஒரே புகாராகக் கேட்க மட்டும் முடியாது. இந்தத் தீர்ப்பையும் அலசித்தான் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்ற சொல்லை முன்வைத்தார். இனம், பாலினம் போன்றவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தனி வகைப் பாகுபாடு உருவாகிறது என்பதே அதன் பொருள்.

சொல் 1989இல் வந்தது என்பதால் சிந்தனையும் அப்போதுதான் பிறந்தது என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. கறுப்பினப் பெண்ணான கிளாடியா ஜோன்ஸ், இனம், பாலினம், வர்க்கம் மூன்றும் சேர்ந்து அழுத்துவதை 1949லேயே எழுதிவிட்டார். அவர் கம்யூனிஸ்ட். வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் மற்றவை தானாகத் தீரும் என்று நம்பிய சொந்த முகாமையே அவர் விமர்சித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அப்புறம், சட்டத்தில் இனம், பாலினம் என்ற சொற்களே இல்லையென்றால் அது எல்லோருக்கும் பொது என்று நம்புவது. அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முதியோர் ஓய்வூதியம் தரவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் தொழில் பிரிவு. ஆனால் அன்று வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள்.

யாருக்கு வலி அதிகம் என்று போட்டி வைப்பதும் வீண் வேலை. ஏழை வெள்ளையருக்கு வர்க்கம் பாதகம், இனம் சாதகம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது.

புள்ளிவிவரத்திலும் இதே கோளாறுதான். ஊதியத்தை ஆண், பெண் என்று ஒரு அட்டவணையிலும் இனவாரியாக இன்னொன்றிலும் போட்டால், வழக்குப் போட்ட அந்த ஐவரும் இரண்டிலும் இருப்பார்கள், எதிலும் தனியாகத் தெரியமாட்டார்கள்.