முதல் டாட்டூ கிட் வாங்குவோருக்கு

பச்சை குத்தும் தொழிலைக் கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இணைய அங்காடியில் ‘டாட்டூ கிட்’ என்று தேடுவதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். இரண்டு மெஷின், ஒரு கட்டு ஊசி, வரிசையாக அடுக்கிய சிறு குப்பிகளில் வண்ண மை, பவர் சப்ளை, காலால் அழுத்தி மெஷினை ஓட்டும் பெடல் எல்லாம் ஒரே பெட்டியில், அதுவும் மலிவு விலையில் கிடைக்கும்போது மனம் அதன்மேல் போவது இயல்பே. ஆனால் பொருட்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு கிட்டின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. நேரான ஊசியும், ஒரே சீராக ஓடும் மெஷினும், தயாரித்தவர் யாரென்று தெரிந்த மையும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு பெட்டி கிடைக்காவிட்டால் தேவையானவற்றைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதே நல்லது.

மெஷினில் காயில், ரோட்டரி என்று இரு வகைகள் உண்டு. காயில் மெஷினில் மின்காந்தச் சுருள்கள் ஓர் இரும்புப் பட்டையை இழுத்து விடுவதால் ஊசி மேலும் கீழும் அடிக்கிறது. ஸ்பிரிங்கையும், அதைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் திருகையும் அடிக்கடி சரிசெய்தால்தான் அது ஒழுங்காக ஓடும் என்பதோடு, கனமும் இரைச்சலும் அதற்கு அதிகம். ரோட்டரியில் ஒரு சிறு மோட்டாரின் சுழற்சியே ஊசியின் அசைவாக மாறுகிறது. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி காப்புரிமை பெற்ற மின் டாட்டூ மெஷின் எடிசனின் மின்பேனாவிலிருந்து பிறந்தது என்பதை நினைத்தால், இன்றைய பேனா வடிவ ரோட்டரி மெஷின் அந்தப் பழைய யோசனைக்கே திரும்பி வந்திருப்பதாகத் தோன்றுகிறது. கை இன்னும் பழகாத ஒருவர் மெஷினைச் சரிசெய்வதில் நேரத்தைச் செலவிடாமல் கோடு இழுப்பதில் செலவிட வேண்டும் என்பதால், பேனா வடிவ ரோட்டரியையே பரிந்துரைப்பேன். ஊசி ஒருமுறை பயணிக்கும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். 3.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள மெஷின் கோட்டுக்கும் நிழலுக்கும் பொதுவாக ஒத்துவரும்.

பவர் சப்ளை வாங்கும்போது, திரையில் காட்டும் வோல்ட் வேலையின் நடுவே ஏறி இறங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பேட்டரியில் ஓடும் மெஷின் வசதியானதுதான். ஆனால் பேட்டரி பின்பக்கம் கனப்பதால் தொடக்கத்தில் மணிக்கட்டு விரைவில் சோர்ந்துவிடும்.

அதிகக் கவனம் கேட்பது ஊசிதான். ஊசியும் அதன் குழலும் ஒன்றாக அமைந்து, மெஷினில் அப்படியே செருகும் கார்ட்ரிட்ஜ் ஊசிகளையே வாங்குங்கள். அவற்றிலும் உள்ளே சவ்வு வைத்தவையாகப் பார்த்து எடுங்கள். அந்தச் சவ்வு இல்லையென்றால் மையும் இரத்தமும் பின்னோக்கி ஏறி மெஷினுக்குள் போய்விடும், அதன் பிறகு மெஷினை முழுமையாகச் சுத்தம் செய்ய வழியில்லை. பெட்டியின் மேல் 1205ஆர்எல் என்று அச்சிட்டிருந்தால், 12 என்பது ஊசி 0.35 மில்லிமீட்டர் தடிமன் என்பதையும், 05 என்பது ஐந்து ஊசிகள் சேர்ந்தவை என்பதையும், ஆர்எல் என்பது அவை கோட்டுக்காக வட்டமாக நெருக்கிக் கட்டப்பட்டவை என்பதையும் குறிக்கும். 10 என்று தொடங்கினால் தடிமன் 0.30 மில்லிமீட்டர். பயிற்சிக்கு ஐந்து, ஏழு, ஒன்பது ஊசிகள் கொண்ட, கோடு இழுக்கும் லைனர்களும், நிழலுக்கு ஊசிகள் தட்டையாக வரிசையில் அமைந்த மேக்னம் ஒன்றும் போதும். ஒற்றை ஊசியும் மூன்று ஊசிக் கட்டும் கையின் சிறு நடுக்கத்தைக் கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றைப் பின்னர் பழகலாம்.

ஒவ்வோர் ஊசியும் தனி உறையில் வந்திருக்க வேண்டும். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்ததற்கான குறிப்பும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் உறையில் அச்சாகியிருக்க வேண்டும். புதிய பெட்டி வந்ததும் ஓர் ஊசியைச் சோதனைக்கென்றே பிரித்து, பின்புறத் தண்டை மெல்ல அழுத்தி, வெளிவரும் முனையை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முனைகள் பிரியாமல் ஒரே கட்டாக நிற்க வேண்டும். அழுத்தத்தை விட்டதும் ஊசி உடனே உள்ளே திரும்ப வேண்டும். முனையைப் பஞ்சின் மேல் இழுக்கும்போது நூல் சிக்கினால் அது வளைந்த முனை. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சோதித்த ஊசி எந்தக் காரணத்துக்காகவும் மனிதத் தோலைத் தொடக்கூடாது.

மலிவுக் கிட்டில் வரும் மைக்குப்பிகளைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை: அவை செயற்கைத் தோலுக்கு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளில் 4000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியது; நீலம் 15:3, பச்சை 7 ஆகிய இரு நிறமிகளுக்கும் 2023 ஜனவரி முதல் அங்கே தடை வந்தது. அவ்வளவு கவனத்துடன் பார்க்கப்படும் ஒரு பொருளை, பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத குப்பியிலிருந்து எடுத்து ஒருவருடைய உடலுக்குள் வாழ்நாள் முழுக்க இருக்குமாறு செலுத்துவது பெரும் தவறு. தொகுதி எண், உட்பொருட்கள், காலாவதித் தேதி மூன்றும் உள்ள கறுப்பு மை ஒரு குப்பி போதும், கோடும் நிழலும் கற்பதற்கு வண்ணம் தேவையில்லை. பெயர்பெற்ற மைகளுக்குப் போலிகள் உலவுவதால் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

செயற்கைத் தோலை மிக மெல்லியதாக வாங்காமல், 3 மில்லிமீட்டர் அளவு தடிமனான சிலிகான் விரிப்பாக எடுத்து, புட்டி ஒன்றைச் சுற்றிக் கட்டிப் பழகினால் கையின் வளைவு பிடிபடும். மனிதத் தோலில் மை தங்க வேண்டிய ஆழம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் கோடு பரவி மங்கிவிடும். ஊசி விரிப்பைத் துளைத்து மறுபக்கம் வந்தால் ஆழம் கைமீறிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

நைட்ரைல் கையுறை, மெஷினுக்கும் வயருக்கும் போடும் பிளாஸ்டிக் உறை, ஒருமுறை மட்டும் பயன்படும் மைக்கிண்ணம், ஸ்டென்சில் தாள் ஆகியவை பல கிட்டுகளில் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். இவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போடத் துளைபடாத மூடியிட்ட பெட்டி ஒன்று முதல் நாளிலிருந்தே மேசையருகில் இருக்கட்டும். அது நிறைந்ததும் வீட்டுக் குப்பையில் போடாமல், மருத்துவக் கழிவு எடுப்போரிடம் சேர்க்க அருகிலுள்ள மருத்துவமனையில் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

கிட்டுக்குப் பணம் கட்டும் அன்றே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையையும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தவணைகள் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் வரும். அந்த ஆறு மாதமும் சிலிகான் விரிப்பிலேயே பழகுங்கள். அதற்குப் பிறகும் அனுபவமுள்ள கலைஞர் ஒருவர் அருகில் இருந்து பார்க்காமல் யாருடைய தோலிலும் ஊசியை வைக்காதீர்கள்.