சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவை வாதமாகப் படிப்பது எப்படி

மட்டக்களப்பில் உயர்தரத்துக்கு இந்து நாகரிகம் படிக்கிற தம்பி தங்கச்சிமார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவை மனப்பாடத்தோடு விட்டுவிடாதீர்கள், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் கடவுள் உண்டு என்று நிறுவிய வாதம் இது. முதலில் படிகளைப் பிரித்து எழுதுங்கள்: உலகம் அவன், அவள், அது என்று பகுக்கப்படுவது; அந்தப் பகுதிகள் தோன்றி, நின்று, அழிகின்றன; அதனால் முழு உலகமும் அப்படித்தான்; அறிவில்லாத சடமான அது தானாகத் தோன்றாது, அழிவில் அதை ஒடுக்கிய கடவுளே திரும்பத் தோற்றுவிக்கிறான்.

சரி, இப்போது மூன்றாவது படியைப் பிடித்து உலுக்குங்கள். பகுதிகள் அழிந்தால் முழுதும் அழியவேண்டுமா? என்னைக் கேட்டால் வாதத்தின் உயிரே இங்கேதான்.

அப்புறம் காத்தான்குடி முஸ்லிம் கூட்டாளியோடு உட்கார்ந்து, 1111இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியின் வாதத்தை ஒப்பிடுங்கள்: தொடங்கியதற்கெல்லாம் காரணம் உண்டு, உலகமும் தொடங்கியது. அவருக்குப் படைப்பு இல்லாமையிலிருந்து, மெய்கண்டாருக்கு மாயை என்ற மூலப்பொருளிலிருந்து.