சிவப்புச் சுவரில் சுங்குடிப் புள்ளி: மத்தீஸ் வழியில் ஒரு படம் வரைய

பெங்களூர் அல்சூரில் என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரையப் படிக்க வருகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியைத்தான் முதலில் கொடுக்கிறேன். வீட்டிலேயே செய்யலாம். மேஜையில் ஒரு சுங்குடிச் சேலையை விரித்து, செம்பும் இரண்டு எலுமிச்சம்பழமும் வையுங்கள். அவென்யூ ரோட்டுக் கடைகளில் அக்ரிலிக் வாங்குங்கள். போஸ்டர் கலர் வேண்டாம், மேலே ஈரம் பட்டால் அடிப்பூச்சு கரைந்து கலங்கிவிடும்.

முதலில் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1908இல் வரைந்த 'சிவப்பில் இசைவு' படத்தை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். விரிப்பும் சுவரும் ஒரே சிவப்பு. விரிப்பில் இருக்கும் நீலக் கொடி அப்படியே சுவரிலும் ஏறிவிடுகிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய கோடுதான். அலங்காரத்தைக் கடைசியில் வைத்துத் தைக்கிற ஜரிகை மாதிரி பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்தக் கொடியை எடுத்துவிட்டால் படமே கிடையாது. பொருள்கள் இருக்கும் இடம், அவற்றைச் சுற்றி விட்ட வெற்றிடம், அளவு எல்லாமே உணர்ச்சியின் வெளிப்பாடுதான் என்று அதே ஆண்டு அவர் எழுதினார்.

சரி, பிரஷ்ஷை எடுங்கள். சுவர் வரும் இடத்தில் நீலம், மேஜைக்கு மஞ்சள், தரைக்கு ரோஸ் என்று பட்டையாகப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் பென்சிலால் உருவங்களைப் போடுங்கள். அப்புறம் தட்டையான பிரஷ்ஷால் சிவப்பைக் கோட்டின் இரு பக்கமும் கொண்டுவந்து, நடுவில் அரிசி அகலத்துக்கு இடம் விடுங்கள். செம்பையும் பழங்களையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சிவப்பு. ஒரு பூச்சில் மூடாது, இரண்டு தேவைப்படும். விட்ட இடத்தில் அடி நிறம் எட்டிப்பார்க்கும், அதுதான் உங்கள் கோடு. 1911இல் மத்தீஸ் வரைந்த 'சிவப்பு ஸ்டூடியோ'வில் நாற்காலியும் கடிகாரமும் இப்படி விட்ட இடைவெளிகளால் ஆனவை.

நிழல் போடாதீர்கள். சுங்குடிப் புள்ளிகளை மேஜையில் தொடங்கிச் சுவர்வரை கொண்டுபோங்கள், மேலே போகப் போகச் சிறிதாக்காமல். சிறிதாக்கினால் ஆழம் வந்து சுவர் பின்னால் ஓடிவிடும்.

ஆளையும் சேர்ப்பதானால் ஒன்று சொல்ல வேண்டும். 1906இல் மத்தீஸ் பாரிஸில் ஓர் ஆப்பிரிக்கச் சிற்பம் வாங்கி பிக்காஸோவிடம் காட்டினார். அத்தகைய சிற்பங்களை அன்றைய ஐரோப்பா 'ஆதிகாலக் கலை' என்று ஒதுக்கியது, செய்தவர் பெயரைக்கூடப் பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். அந்தச் சிற்பங்களில் தலையைப் பெரிதாக்கிக் காலைக் குறுக்கியது, செய்த கைகள் தெரிந்தே எடுத்த முடிவு. நீங்களும் எதைப் பெரிதாக்குவது என்று முடிவுசெய்துவிட்டு வரையுங்கள், கோணல்மாணலாக இழுத்தால் போதாது.

காய்ந்ததும் எட்டடி தள்ளி நின்று பாருங்கள். கண் செம்பிலேயே நின்றுவிட்டால் செம்பைத் தொடாதீர்கள், சுவர்ப் புள்ளிகளுக்கு இன்னொரு பூச்சு கொடுங்கள்.