ட்ராக் டேக்கு போறீங்களா, முதல்ல பிரேக் பேடை பாருங்க

முதல் தடவ ட்ராக் டேக்கு (நம்ம காரை ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) போறவங்க டயர் பாக்குறாங்க, ஆயில் பாக்குறாங்க, பிரேக் பேடை (வீல் கூட சுத்துற டிஸ்க்கை அழுத்திப் பிடிச்சு காரை நிறுத்துறது) மட்டும் "போன மாசம்தான் மாத்துனேன், புதுசு"ன்னு விட்டுடுறாங்க. புதுசா பழசாங்கிறது இல்லங்க விஷயம், எவ்ளோ சூடு தாங்கும்ங்கிறதுதான்.

மணிக்கு 100 கிமீல போற காரை நிறுத்துறப்போ வர்ற சூட்டை விட 200ல போறதை நிறுத்துறப்போ வர்ற சூடு நாலு மடங்கு. ரோட்டுல ஒரு தடவ அப்படி அழுத்துனா அப்புறம் ஆறுறதுக்கு நேரம் கிடைக்கும், ட்ராக்ல ஒவ்வொரு லேப்லயும் (ஒரு முழு சுத்து) பல தடவ, அதுவும் 15-20 நிமிஷம் விடாம. டிஸ்க் 500 டிகிரி தொடுறதெல்லாம் அங்க சாதாரணம், ஆனா ரோட்டு பேடு பெரும்பாலும் 350-400 தாண்டுனாலே உள்ள எல்லாத்தையும் ஒட்டி வச்சிருக்குற ரெசின் வெந்து கேஸ் விட ஆரம்பிச்சு பிடி போயிடும். அப்படி வெந்த பேடை கழட்டி பாத்தா ஓரமெல்லாம் சாம்பல் கலர்ல வெளுத்திருக்கும், நகத்தால கீறுனாலே உதிரும்.

பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கு, எவ்ளோ மிதிச்சாலும் கார் நிக்கலன்னா பேடு காலி. பெடல் மெத்துமெத்துன்னு தரை வரைக்கும் போகுதுன்னா பேடை திட்டாதீங்க, பிரேக் ஃப்ளூயிட் (பெடல் அழுத்தத்தை பேடுக்கு கொண்டு போற திரவம்) கொதிச்சிருக்கு. டாட் 4 வகை ஃப்ளூயிட் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும், ஈரம் இழுத்துட்டா அந்த கணக்கு 155க்கு இறங்கிடும், அதனால எந்த பேடு போட்டாலும் ஃப்ளூயிட்டை மாத்திட்டுதான் போகணும்.

இப்போ பேடு. பேக்கெட்ல வேலை செய்யுற டெம்பரேச்சர் போட்டிருந்தா மேல் நம்பரை மட்டும் பாத்து வாங்காதீங்க, கீழ் நம்பர் அதை விட முக்கியம். சுத்தமான ரேஸ் பேடு சூடாகுற வரைக்கும் சரியா பிடிக்காது, அதை போட்டுக்கிட்டு வீட்ல இருந்து ட்ராக்குக்கு ரோட்டுல ஓட்டிட்டு போறது நிஜமாவே ஆபத்து. ரோட்டு டயர்ல போற முதல் ஆளுக்கு குளிர்லயும் பிடிச்சு 600 வரைக்கும் தாங்குற நடுத்தர பேடு போதும்ங்கிறதுதான் என் கருத்து. கார் கனமா, பவர் ஜாஸ்தியா இருந்தா முழு ட்ராக் பேடு வாங்கி அங்க போய் மாத்திக்கோங்க. "செராமிக்"னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, ரோட்டு செராமிக் பேடு சத்தமும் தூசியும் கம்மியா இருக்கத்தான், விலை ஜாஸ்தியான ஸ்போர்ட்ஸ் கார்ல வர்ற கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சில பேடு ஓரத்துல எஃப்எஃப், ஜிஜின்னு ரெண்டு எழுத்து அடிச்சிருக்கும், முதல் எழுத்து சாதாரண சூட்டுல பிடி, ரெண்டாவது நல்ல சூட்டுல. ஆனா அந்த டெஸ்ட்டே 340 டிகிரி வாக்குல முடிஞ்சிடும், ட்ராக்குக்கு அதை நம்பி முடிவு பண்ண முடியாது.

முன்னாடி சாதா பேடும் பின்னாடி நல்லா கடிக்கிற பேடும் போடவே போடாதீங்க, பின் வீல் முதல்ல லாக் ஆக பாக்கும், கார் சுத்திடும். மாத்துனா ஒரே வகையில நாலு வீலுக்கும் மாத்துங்க.

புது பேடை பெட் பண்ணாம (டிஸ்க்கோட பழக்காம) கொண்டு போகாதீங்க. கம்பெனி சொல்ற முறை இருந்தா அதையே செய்ங்க, இல்லன்னா ஆள் இல்லாத இடத்துல 100ல இருந்து 20 வரைக்கும் எட்டு பத்து தடவ நல்லா அழுத்தி, முழுசா நிறுத்தாம, அப்புறம் பிரேக்கை தொடாம ஓட்டி ஆற விடுங்க. டிஸ்க் மேல பேடோட மெல்லிய படலம் ஒண்ணு சீரா உக்காரணும். சூடா இருக்கறப்போ பெடலை மிதிச்சுக்கிட்டே நின்னா அந்த இடத்துல மட்டும் திட்டா ஒட்டிக்கும், அப்புறம் ஸ்டீரிங் ஆடும், டிஸ்க் வளைஞ்சிடுச்சுன்னு நினைப்பீங்க.

பாதிக்கு மேல தேஞ்ச பேடோட கிளம்பாதீங்க, பேடு மெலிஞ்சா சூடு நேரா பிஸ்டனுக்கும் ஃப்ளூயிட்டுக்கும் போயிடும். கடைசி லேப்பை பிரேக் அழுத்தாம மெதுவா ஓட்டி முடிங்க, உள்ள வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல விட்டு வீலுக்கு கட்டை வைங்க, ஆறுனதும் டார்ச் அடிச்சு உள் பக்க பேடையும் ஒரு தடவ பாத்துட்டு அடுத்த ரவுண்டுக்கு போங்க.