பிறர் சொல்லும் முன் எழுதிவிடுங்கள்: மாணவர் தினக்குறிப்பு எழுதும் முறை

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருவருடைய மனத்தில் ஒரே நாளில் என்னென்னவோ ஓடுகின்றன. காலையில் தேர்வுக் கவலை, மதியம் அறைத்தோழனோடு மனத்தாங்கல், மாலையில் தேநீர்க் கடையில் அரசியல் வாக்குவாதம், இரவில் இரண்டாம் ஆட்டம். மறுநாள் யாராவது கருத்துக் கேட்டால் நாம் சொல்வதில் பாதி, முதல்நாள் இரவு அலைபேசியில் பார்த்த யாரோ ஒருவருடைய கருத்தாக இருக்கிறது. இதை நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். இருபது வயதில் நமக்கென்று இருக்கும் சொத்து, நாமே கண்டதும் கேட்டதும்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி, பிறர் சொல்வது காதில் விழும் முன் நம்முடையதை எழுதிவிடுவது. மதுரையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். இளங்கலைக் காலத்திலிருந்தே தினக்குறிப்பு எழுதி வருகிறேன். விடுதித் தம்பிகள் அடிக்கடி கேட்பதால் முறையை இங்கே சொல்கிறேன்.

கோடு போட்ட ஒரு குயர் நோட்டு போதும். தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். எழுதாத நாளின் வெற்றுப் பக்கம் மனத்தை உறுத்தும், நிறைய எழுத வேண்டிய நாளில் இடம் போதாது. பக்கத்தின் ஓரத்தில் தேதி, கிழமை, நேரம், இடம் நான்கையும் போட்டுவிட்டுத்தான் முதல் வரியைத் தொடங்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகளை வரலாற்று மாணவர்கள் இன்றும் நம்பி எடுத்தாள்கிறோம். அதற்கு ஒரு காரணம், அவர் நாளும் கிழமையும் போட்டு எழுதியது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த செய்தியும் அவருடைய வீட்டுச் செய்தியும் அந்தக் குறிப்புகளில் சேர்ந்தே இருக்கின்றன.

நாமும் அப்படியே எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதலாம். சினிமாவுக்கு ஒன்று, அரசியலுக்கு ஒன்று என்று பிரிப்பது நம் ஊருக்குப் பொருந்தாது. அண்ணாவும் கருணாநிதியும் படங்களுக்கு வசனம் எழுதியவர்கள், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்தவர்கள், நால்வருமே முதலமைச்சர்கள். ஒரு படத்தில் எந்த வசனத்துக்கு அரங்கம் எழுந்து நின்றது என்று எழுதும்போது அரசியலையும் சேர்த்தே எழுதுகிறோம்.

படம் பார்த்தால், திரும்பும் பஸ்ஸிலேயே எழுதுங்கள். விமர்சனங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகு. ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போடாதீர்கள், அதில் ஒன்றும் தங்காது. மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, யார் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள், அப்போது அரங்கத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எங்கே விசில் பறந்தது, எங்கே பக்கத்து இருக்கைக்காரர் அலைபேசியை எடுத்தார் என்பதும் வேண்டும். இன்னொரு பழக்கமும் சொல்கிறேன். நம் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே கட்டப்படுகின்றன. விளக்குகள் எரிந்ததும் கையில் இருக்கும் டிக்கெட்டின் பின்புறத்தில், இனி என்ன நடக்கும் என்று ஒரு வரி குறித்துவிடுங்கள். படம் முடிந்ததும் அந்த வரியோடு ஒப்பிட்டால், இயக்குநர் நம்மை எங்கே ஏமாற்றினார், எங்கே நாம் நினைத்த தடத்திலேயே சோம்பலாக நடந்தார் என்பது புலப்படும். டிக்கெட்டை நோட்டில் ஒட்டலாம். ஆனால் வெப்பத்தில் அச்சாகும் தாளின் எழுத்து நாளடைவில் மங்கிப்போகும், அதனால் அரங்கின் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

தேர்வைப் பற்றி எழுதும்போது 'பயமாக இருக்கிறது' என்று எழுதுவதால் பயன் இல்லை. '1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்துக்கும் மன்றோவின் ரயத்துவாரி முறைக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று பத்திக்கு மேல் எழுத வரவில்லை' என்று எழுதுங்கள். பயம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும், அன்றிரவு என்ன படிக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் கூடி விடை ஒப்பிடும் கூட்டத்துக்குள் போகாதீர்கள். முதலில் ஓரமாக உட்கார்ந்து, எழுதிய வினாக்களின் எண், ஒவ்வொன்றிலும் சொன்ன முக்கியக் கருத்துகள், விட்டுப்போனவை, எதற்கு நேரம் அதிகம் பிடித்தது என்பதைக் குறியுங்கள். எங்களுக்கு அகமதிப்பீடு 25, எழுத்துத் தேர்வு 75. முடிவு வருவதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துவிடும். மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் கேட்பதா, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா என்று சில நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது கைகொடுப்பது இந்தக் குறிப்புதான்.

உறவுகளைப் பற்றி எழுதுவதுதான் கடினம். அதனால் அதற்குச் சற்று நிதானம் வேண்டும். நான் வரிகளின் ஓரத்தில் மூன்று அடையாளங்கள் இடுகிறேன். கண்டதற்கு 'க', காதால் கேட்டதற்கு 'கே', நானாக நினைத்துக்கொண்டதற்கு 'நி'. தோழியிடமிருந்து நான்கு மணி நேரமாகப் பதில் வரவில்லை என்பது 'க'. என்னைத் தவிர்க்கிறாள் என்பது 'நி'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் இரவு தூக்கம் போய்விடும். பிரித்து எழுதினால், சண்டை போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பதாவது தெரியும்.

பேசியதைப் பேசியபடியே எழுதுவதும் முக்கியம். ஒரு மாலை அப்பா தொலைபேசியில் பேசினார். வைத்ததும் எழுதினேன்: "சாப்பாடு எப்படி இருக்கிறது?" "பரவாயில்லை அப்பா." "இங்கே மழையே இல்லை." "அப்படியா?" "கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. உனக்குப் பணம் ஏதாவது வேண்டுமா?" கேட்கும்போது இது வழக்கமான விசாரிப்பாகத்தான் இருந்தது. தாளில் பார்த்தபோது, கிணறு வற்றும் நேரத்தில் அவர் எனக்குப் பணம் வேண்டுமா என்று கேட்டிருப்பது தனியாகத் தெரிந்தது. கல்விச் சுற்றுலாவுக்குக் கேட்கலாம் என்று வைத்திருந்த பணத்தை நான் கேட்கவில்லை. 'அப்பா பேசினார், நலம்' என்று சுருக்கியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

கோபத்தில் எழுதும் பக்கத்தில் கீழ்ப்பாதியைக் காலியாக விடுங்கள். கோபம் ஆறிய பிறகு அதே பக்கத்தில் தேதி போட்டு மீதியை எழுதலாம். நண்பர்கள் நம்பிச் சொன்ன இரகசியங்களை மட்டும் எழுதவே கூடாது. விடுதியில் பெட்டியின் பூட்டு பெரிய காவல் அல்ல, உங்கள் நோட்டு இன்னொருவரின் மானத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

அரசியலுக்கு அதே மூன்று அடையாளங்கள் இன்னும் நன்றாக உதவும். தேநீர்க் கடையில் நீட் தேர்வைப் பற்றிப் பேச்சு வரும். ஒருவர், "கல்வி எப்போதுமே மத்திய அரசுக்கும் பொதுவானதுதானே" என்பார். எதிர்த்துப் பேசும் முன் அந்த வாக்கியத்தை 'கே' போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் சரிபாருங்கள். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் அதை மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. இதையும் பார்த்த இடத்தையும் அடியில் எழுதுங்கள். மறுநாள் குரலை உயர்த்தாமலேயே பேசலாம். உங்கள் கட்சிக்காரர் சொன்னதையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். எதிர்த்தரப்பின் பேச்சை மட்டும் சோதிப்பதற்கு நோட்டு தேவையில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதையும் இந்த நோட்டிலேயே குறித்துவிடுங்கள். வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆனது 61ஆவது திருத்தத்தால். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என்று 18 வயது நிறைந்திருக்க வேண்டிய தகுதி நாட்கள் ஆண்டுக்கு நான்கு உண்டு. படிவம் 6 நிரப்ப வேண்டும். விடுதி மாணவர்கள் சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ பதியலாம், இரண்டிலும் கூடாது. வேட்பாளர் தாக்கல் செய்யும் சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் நீங்களே பார்க்கலாம். அதைப் படித்து இரண்டு வரி எழுதிவிட்டுப் பிறகு மேடைப் பேச்சைக் கேளுங்கள்.

எழுதாமல் விட்ட நாட்களை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள், அது முழுவதும் 'நி' ஆகிவிடும். பருவத் தேர்வு விடுமுறையில் ஒருமுறை முழு நோட்டையும் படியுங்கள். கருத்து மாறியிருந்தால் பழையதை அடிக்காமல், ஓரத்தில் வேறு நிற மையால் புதிய தேதியோடு புதிய கருத்தை எழுதுங்கள். நீலத்தில் எழுதுபவராக இருந்தால் இதற்கென்று ஒரு பச்சைப் பேனாவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வேண்டாம், திருத்திய விடைத்தாளைப் போலத் தெரியும்.